சலூனில் கிடைத்த மேனேஜர் வேலை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்தபோது விட்டுவிட்டுப் போன பூனை, மூவரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் சௌக்கியம் என்றுதான் எழுதுவாய், நானும் அதை நம்பிவிட்ட மாதிரி பதில் எழுத வேண்டும், இரண்டு பேருக்கும் வீண் சிரமம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை மட்டும் உண்மையாகச் சொல். போன தடவை வீடியோவில் பார்த்தபோது கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. கேட்டதற்கு வெளிச்சம் அப்படி என்றாய். அதே வெளிச்சத்தில் உன்னோடு அறையில் இருக்கும் பெண்ணுக்குக் கன்னம் நன்றாகத்தான் இருந்தது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் பேசுவது என்பது பொதுக்கூட்டம். ஸ்பீக்கரைப் போட்டு மேசை நடுவில் நிறுத்தி உன் அப்பா தலைமை தாங்குவார். உனக்கு அவருடைய நெற்றி தெரியும், என் குரல் சமையலறையிலிருந்து வரும், நான் ஒன்று கேட்டால் அவர் அதையே கொஞ்சம் மாற்றித் திரும்பக் கேட்பார், நீ அதற்குப் பதில் சொல்வாய், நான் கேட்டது அப்படியே நிற்கும். அதனால்தான் இதைக் கிளினிக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். டாக்டரம்மா உள்ளே பல் பிடுங்கிக்கொண்டிருக்கிறார், வெளியே என் மேசை முன்னால் ஏழெட்டுப் பேர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்கும் பேச்சு வராது, கடிதம் எழுத இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நடுவில் ஒரு வரி அறுந்து நின்றால் யாரோ டோக்கன் கேட்டார்கள் என்று வைத்துக்கொள். எழுதி முடித்ததும் எக்ஸ்ரே எடுக்கும் பெண்ணிடம் கொடுத்து ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்வேன். அவள் படித்துவிடுவாளோ என்று கவலைப்படாதே. டாக்டரம்மா எழுதும் மருந்துச் சீட்டைப் படிக்கிறவள், என் கையெழுத்தைப் பார்த்துக் கையை விரித்துவிட்டாள்.

உன் செய்தி வந்தது. ஏதோ ஒரு குடோனில் பெட்டி கட்டும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும், போகட்டுமா இல்லை பேசாமல் ஊருக்கே திரும்பி வந்துவிடட்டுமா, அப்பாவிடம் மட்டும் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். உடனே பதில் போடவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். போடாததற்குக் காரணம் இருக்கிறது. நீ கேட்டதற்குப் பதில் இந்தக் கடிதத்திலேயே வருகிறது, ஆனால் அதற்கு முன்னால் இங்கே நடந்ததைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் என் பதில் உனக்கு அர்த்தமாகாது. குறுக்கே பாய்ந்து கடைசிப் பக்கத்தைப் பார்க்காதே, உன் குணம் எனக்குத் தெரியும்.

முதலில் உன் பக்கத்தைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். ஆறு வருடம் இங்கே ஒரு பெரிய தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருந்தாய், சப்ளை செய்கிறவர்கள் உன் பெயரைக் கேட்டாலே நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று உன் பழைய அதிகாரியே சொன்னார். அங்கே குடியேறப் போனாய், போன கையோடு அந்த ஊர்க் கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஆட்களை வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தன. நீ விண்ணப்பம் போட்டால் உள்ளூர் அனுபவம் உண்டா என்று கேட்கிறார்கள். உள்ளூரில் வேலை கொடுத்தால்தானே உள்ளூர் அனுபவம் வரும் என்று கேட்டால் அதுவும் சரிதான் என்று சிரிக்கிறார்களாம். வேலைவாய்ப்பு ஆலோசகர் என்று ஒரு அம்மாள் உன் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு மேல்படிப்பை எடுத்துவிடு, படிப்பு அதிகமாகத் தெரிந்தால் பயந்துகொள்வார்கள் என்றாளாம். அந்தப் பட்டத்துக்காக நீ மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னவென்று தெரியாமல் இருந்தாய், அதை ஒரு பட்டனைத் தட்டி அழிக்கச் சொல்லியிருக்கிறாள். அழித்துவிட்டு அதற்கும் பதில் வரவில்லை என்று நீ சொன்னபோது எனக்கு அந்த அம்மாள் மேல் வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

அப்புறம் நெட்வொர்க்கிங். நீ மூன்று முறை விளக்கிச் சொன்ன பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. வேலை வேண்டும் என்று வாய் விட்டுக் கேட்கக் கூடாது, யோசனை சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும், காபி குடிக்க வரலாமா என்று எழுத வேண்டும், வந்து காபி குடித்துவிட்டு வேலையைப் பற்றிப் பேசாமல் எழுந்து வர வேண்டும், அவர்களாகவே வேலை கொடுப்பார்கள். கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன், இருக்கிறார்களாம், உனக்குத் தெரிந்து இல்லையாம். லைப்ரரி ஹாலில் மாலைக் கூட்டம் நடக்கும், எல்லோரும் சட்டையில் பெயர் ஒட்டிக்கொண்டு காகிதக் கப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், ஒரு நிமிடத்தில் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றாய். நீயும் சொன்னாய், எதிரே நின்றவரும் சொன்னார், கடைசியில் பார்த்தால் அந்த ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் வேலை இல்லை, கூட்டம் நடத்தியவருக்கும் அந்த மாதத்தோடு வேலை முடிகிறது. பெரிய பதவியில் இருந்த ஒரு பெண்மணி உன்னோடு காபி குடித்தாள், பிரமாதம், தொடர்பில் இருப்போம் என்றாள். சொன்ன வார்த்தை தவறாமல் தொடர்பில் இருந்தாள், தனக்கு வேலை போய்விட்டது உனக்கு யாரையாவது தெரியுமா என்று கேட்டு எழுதினாள். இதைச் சொல்லும்போது நீ சிரித்தாய். நானும் சிரித்தேன், போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அடுப்பை ஏற்றாமலே அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

இனி உன் அப்பா. முப்பது வருடத்துக்கு மேல் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். பஸ் வந்த நேரம், போன நேரம், எழுதுவதுதான் வேலை. ஒரு நிமிடம் தாமதமாக வந்த பஸ்ஸை நேரத்துக்கு வந்ததாக எழுதச் சொல்லி டிரைவர்கள் கெஞ்சுவார்கள், கண்டக்டர்கள் அழுவார்கள், மனுஷன் அசைந்து கொடுத்ததில்லை. ஆயுளில் ஒரு பொய் எழுதாதவர். அந்த மொத்தப் பொய்யையும் சேர்த்து வைத்து ரிட்டயர் ஆன பிறகு சலூனில் உட்கார்ந்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நீ போன புதிதில் ஒரு நாள் சலூன்காரர் சவரம் செய்துகொண்டே பொண்ணுக்கு வேலை கெடைச்சாச்சா சார் என்று கேட்டிருக்கிறார். பெஞ்சில் மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். அவர் பையனும் அதே ஊரில்தான் இருக்கிறான், பேங்கில் இருக்கிறான் என்று அவர் வாரத்துக்கு இரண்டு முறை சொல்வது உனக்கே தெரியும். கழுத்தில் கத்தி இருந்தால் எல்லோரும் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். உன் அப்பாதான் கெடைச்சாச்சு, பர்சேஸ் மேனேஜர் என்று சொல்லியிருக்கிறார்.

சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு பொய்க்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தால் அது கிளை விடாமல் என்ன செய்யும். அடுத்த வாரம் உனக்குக் கீழே நாலு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஜன்னலோரமாக ஒரு தனி அறை வந்தது. மழைக்காலத்தில் கம்பெனிக் கார் வந்தது. நீ அங்கே பஸ்ஸுக்குக் காசு மிச்சம் பிடிக்க அரை மணி நடப்பாய், சலூனில் உன்னைக் கார் வந்து அழைத்துப் போகும். நான் கேட்டதற்கு, எப்படியும் கெடைக்கத்தானே போகுது, கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டேன், அவ்வளவுதானே என்று சப்பைக்கட்டு கட்டினார். பஸ் வருவதற்கு முன்னால் வந்துவிட்டது என்று எழுதுவீர்களா என்று கேட்டேன், பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அதற்குப் பலன் என்ன ஆயிற்று என்பதுதான் உனக்குத் தெரியுமே. தெருவில் வேலை தேடுகிற பிள்ளைகளின் விண்ணப்பமெல்லாம் நம் வீட்டு வாசலுக்கு வர ஆரம்பித்தது. எலக்ட்ரீஷியன் தன் தங்கை மகனுடையதைக் கொண்டுவந்தார், ஜெராக்ஸ் கடைக்காரர் தன் மருமகளுடையதைக் கலரில் அச்சடித்தே கொண்டுவந்தார். உன் அப்பா ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, டீ கொடுத்து, எம் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்றேன், ஆனா அவ ரொம்ப கண்டிப்பு என்று சொல்லி அனுப்புவார். சலூன்காரரின் அக்கா பையன் அதற்குக்கூடக் காத்திருக்கவில்லை, நேராக உனக்கே மரியாதைக்குரிய மேனேஜர் மேடம் என்று எழுதிவிட்டான். அன்றைக்குத்தான் உனக்குச் சங்கதி தெரிந்தது. அம்மா, நான் மேனேஜராமே, எனக்கே யாரும் சொல்லலியே என்று கேட்டாய். அதற்கும் சிரித்தோம். ஆனால் அதற்குப் பிறகுதான் நீ போனில் பேசுவதே குறைந்தது, அதை நான் கவனிக்காமல் இல்லை.

சரி, உன் செய்திக்கு வருகிறேன். அப்பாவிடம் சொல்லாதே என்று எழுதியிருந்தாய், நான் சொல்லவில்லை, சொல்லப் போவதுமில்லை. போனைத் திறந்தபடியே சாப்பாட்டு மேசையில் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அன்றைக்கு நிதானமாகத் தலைக்கும் குளித்தேன். திரும்பி வந்து பார்த்தால் போன் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது, கண்ணாடி மட்டும் மூக்கில் இல்லாமல் கையில் இருந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார், கழுவின கையையே மறுபடியும் போய்க் கழுவினார். அவ தயங்கறது என்னாலயா என்று கேட்டார். நான் எதைப் பற்றி என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். அந்த ஒரு சாயங்காலம் நீயும் நானும் அவரும் ஆளுக்கொரு ரகசியத்தை வைத்துக்கொண்டு ஒரே விஷயத்தை நினைத்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலையில் என்ன நடந்தது என்பதை அவர் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. சலூன்காரருக்குக் கடைவாய்ப்பல்லில் வீக்கம், இங்கே வந்தார், டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சுக்குப் போகாமல் என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் பாதிதான் திறந்தது, இருந்தாலும் முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். உன் அப்பா வழக்கம்போல வந்திருக்கிறார், வழக்கமாகப் பேப்பரை எடுப்பவர் எடுக்கவில்லை, நேராக நாற்காலியில் ஏறிவிட்டார். ஒரு பக்கம் சவரம் முடிந்து மறுபக்கம் போவதற்குள் கொஞ்சம் நிறுத்துங்க என்று கையைத் தூக்கியிருக்கிறார். துண்டோடு எழுந்து பெஞ்சு பக்கம் திரும்பி நின்றுகொண்டு, எம் பொண்ணுக்கு வேலை இல்ல, போன நாள்லேர்ந்து இல்ல, நான் சொன்னதெல்லாம் பொய், நாலு பேரும் பொய், காரும் பொய். இப்ப ஒரு குடோன்ல பெட்டி கட்டக் கூப்பிடறாங்க, அதுக்குப் போகவே அவ வெக்கப்படறா, அந்த வேலையைப் பார்த்து இல்ல, நான் இங்க அடிச்ச பந்தாவைப் பார்த்து என்றாராம். பாதி முகத்தில் நுரை. சலூன்காரருக்குக் கத்தியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ரேடியோவில் யாரோ விளம்பரத்துக்குப் பாடிக்கொண்டிருந்தார்களாம், அதை அணைக்கக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை.

அப்புறம்தான் வேடிக்கை. மருந்துக்கடைக்காரர் மடியில் இருந்த பேப்பரை நாலாக மடித்தாராம், எட்டாக மடித்தாராம், அதற்கு மேல் மடிக்க முடியாமல் போனதும், எம் பையன் பேங்க்லதான் இருக்கான், அது பொய்யில்ல, சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் தரை தொடைக்கறான் என்று சொல்லிவிட்டார். எலக்ட்ரீஷியன் உடனே, என் மச்சான் இன்ஜினியர்னு சொன்னேனே, அது படிச்ச படிப்பு, இப்ப பார்க்கிங்ல சீட்டு கிழிக்கறான் என்றார். சவரத்துக்கு வந்த வெளியாள் ஒருவர், அவரை யாரும் கேட்கவேயில்லை, அவரும் தன் பங்குக்குத் தம்பியைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போனார். சலூன்காரருக்குத்தான் வருத்தம். வெளிநாட்டில் அவருக்கு என்று ஒருவரும் இல்லை, ஒப்புக்கொள்ள எதுவுமே இல்லாமல் போய்விட்டது. இதை என்னிடம் சொல்லும்போதும் அவர் முகம் வாடித்தான் இருந்தது, பல்வலியும் இருந்திருக்கும். கடைசியில் உன் அப்பாவின் மறு கன்னத்தைச் சவரம் செய்து முடித்துக் காசு வேண்டாம் என்றாராம், அவர் கேட்கவில்லை, வைத்துவிட்டு வந்துவிட்டார். காதோரம் நுரை ஒட்டிக்கொண்டிருந்ததை யாரும் சொல்லவில்லை. அப்படியே தெரு முழுக்க நடந்து வீட்டுக்கு வந்தார், துடைத்துவிட்டது நான்தான். அலமாரி மேலே வைத்திருந்த விண்ணப்பங்களை எடுத்துக்கொண்டு அன்றே வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு சலூன் பக்கம் போகவில்லை. வீட்டிலேயே சவரம் செய்துகொண்டு தாடையில் இரண்டு இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார்.

இனிமேல் வருவதுதான் முக்கியம், கவனமாகப் படி. முன்பு ஒருநாள் சொன்னாயே, பஸ் ஸ்டாப்பில் மருந்துக்கடைக்காரர் பையன் நிற்பதைப் பார்த்தேன், கோட்டெல்லாம் போட்டு டிப்டாப்பாக இருந்தான், என்ன வேலையில் இருக்கிறாய் என்று கேட்டுவிடுவானோ என்று பயந்து விளம்பரப் பலகைக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன், பஸ்ஸும் போய்விட்டது என்று. அன்றைக்கு அவனும் உன்னைப் பார்த்திருக்கிறான். மேனேஜர் வருகிறாள், தான் கோட்டுக்கு உள்ளே தரை துடைக்கும் கம்பெனிச் சட்டை போட்டிருப்பது தெரிந்துவிடுமோ என்று பக்கத்துக் கடைக்குள் நுழைந்துவிட்டான், அவனுக்கும் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் இரண்டு பேரும்தான் போயிருப்பீர்கள், முன் வாசலில் ஒருத்தர் பின் வாசலில் ஒருத்தர் ஏறி. இங்கே சின்ன வயதில் ஒரே தெருவில் கண்ணாமூச்சி விளையாடினவர்கள், அதை விடாமல் அங்கேயும் போய் விளையாடியிருக்கிறீர்கள். தலையில் அடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் எதிரே நோயாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நேற்று மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். சலூனில் நடந்ததைப் பையனுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார், பையன் முதலில் இந்த பஸ் ஸ்டாப் கதையை ஒப்புக்கொண்டிருக்கிறான். அப்புறம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறான். அவன் துடைக்கிற கட்டடத்தில் பேங்குக்கு மேல் மாடியில் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டில், கையுறை, ஊசி இதெல்லாம் வாங்கிக் கொடுக்கும் ஆபீஸ் ஒன்று இருக்கிறது. அங்கே கொள்முதலைப் பார்க்கிற அம்மாள் தினமும் தாமதமாகத்தான் போகிறாள், இவன் குப்பைக்கூடை எடுக்கப் போகும்போது இரண்டு வார்த்தை பேசுவாளாம். ஆட்களைக் குறைத்துவிட்டார்கள், இருந்த ஒருத்தியும் பிரசவ விடுப்பில் போகிறாள், ஆர்டர் போடவும் சப்ளை செய்கிறவர்களை விரட்டவும் தெரிந்த யாராவது இருந்தால் சொல்லு, கொஞ்ச மாதத்துக்குத்தான், எந்த ஊர் அனுபவமாக இருந்தாலும் பரவாயில்லை என்று இவனிடமே கேட்டிருக்கிறாள். இவனுக்கு உடனே உன் ஞாபகம்தான் வந்ததாம். ஆனால் மேனேஜரைப் போய் விடுப்புக்குப் பதில் ஆளாக வருகிறாயா என்று எப்படிக் கேட்பது. அவங்களுக்குக் கீழ நாலு பேர் இருக்காங்களே, அதுல ஒருத்தரை அனுப்புவாங்களான்னு கேட்டுப் பார்க்கலாமான்னுகூட நெனச்சேன்பா என்றானாம். மருந்துக்கடைக்காரர் இதை அப்படியே சொன்னார். உன் அப்பா முகத்தில் ஈயாடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்து முடியாமல் போய்க் கண்ணில் தண்ணீர் வந்து, அது சிரித்ததால் வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. மாத்திரைக் கவரின் பின்புறம் பையன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதை இந்தக் கடிதத்தோடு சேர்த்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். குடோன் வேலைக்குப் போ. வெள்ளிக்கிழமை வரைக்கும் இழுக்காமல் இதைப் படித்த கையோடு வருகிறேன் என்று சொல்லிவிடு. லைப்ரரி ஹாலில் வேலை இல்லாதவர்கள் வேலை இல்லாதவர்களைப் பார்த்து யோசனை கேட்டதெல்லாம் போதும். வேலை செய்கிற இடத்தில்தான் வேலையைப் பற்றிய பேச்சு காதில் விழும், குப்பைக்கூடை எடுக்கப் போனவனுக்கு விழுந்த மாதிரி. அந்த ஊரில் உன்னைத் தெரியும் என்று சொல்ல ஒரு மேஸ்திரியாவது கிடைப்பார். மேல் மாடி அம்மாளின் வேலை உனக்குக் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை, இந்நேரம் வேறு யாரையாவது எடுத்திருந்தாலும் எடுத்திருப்பாள், எடுத்தாலும் சில மாதம்தான். அதற்காக அந்தப் பையனைக் கூப்பிடாமல் இருந்துவிடாதே. கூப்பிட்டால் யோசனை கேட்கிறேன், காபி குடிக்கலாமா என்றெல்லாம் பூசி மெழுகாதே. எனக்கு வேலை வேண்டும், அந்த அம்மாளிடம் என் பெயரைச் சொல்கிறாயா என்று கேள். உனக்கு வாய் வராது என்று எனக்குத் தெரியும். இந்த மேசையில் உட்கார்ந்து நான் வருடக்கணக்காகப் பார்ப்பது அதைத்தான், கன்னம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கும், எங்கே வலிக்கிறது என்று கேட்டால் வலியா, அதெல்லாம் இல்லை, சும்மா காட்டிவிட்டுப் போக வந்தேன் என்பார்கள். டாக்டரம்மா எந்தப் பல்லைப் பிடுங்குவார்.

திரும்பி வருவதைப் பற்றி. வரலாம். யாரிடமும் கேட்க வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம், உன் அறை உன் அறையாகத்தான் இருக்கிறது, பூனை மட்டும் உன் கட்டிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, துரத்திவிடலாம். எனக்கு நீ இங்கே வேண்டும்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, உன் துணியை வெயிலில் போட எடுக்கும்போதெல்லாம் ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் மடித்து வைக்கிறேன். அந்த ஊர் பிடிக்கவில்லை என்றால் வா, உடம்பு முடியவில்லை என்றால் இன்றைக்கே வா. ஆனால் தெருவில் என்ன சொல்வார்கள் என்று பயந்துகொண்டு வருவதானால் அதற்கு இங்கே இப்போது ஆள் இல்லை. சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் ஒரே காலையில் சொல்லித் தீர்த்துவிட்டார்கள்.

உன் அப்பா மேல் கோபப்படாதே, படுவதானால் என் முறை முடிந்த பிறகு படு. அந்த வயதில் நுரையோடு எழுந்து நின்று அத்தனை பேர் எதிரே வாய் திறப்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். பஸ்ஸில் இடம் கேட்கக்கூடக் கூச்சப்பட்டு நின்றுகொண்டே வருகிற மனுஷன். உனக்காகத்தான் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன், அது அவருக்காகச் சொன்னது. உண்மையைச் சொன்னது உனக்காக.

டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு உன் அப்பாவும் வந்துவிட்டார், என்ன எழுதறே என்று கேட்கிறார், கிளினிக் கணக்கு என்றேன், கிளினிக் கணக்குல எதுக்குக் கண்ணத் தொடைக்கறே என்கிறார். இதோடு நிறுத்துகிறேன். நல்ல கம்பளிச் சட்டையாகப் போட்டுக்கொள், குடோனில் கதவைத் திறந்தேதான் வைத்திருப்பார்கள். காலையில் ஏதாவது வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு கிளம்பு. நீ எடுத்த காரியம் கைகூடட்டும், கைகூடாவிட்டாலும் உன் முகம் வாடாமல் இருக்கட்டும், அதுதான் நான் கேட்பது. பையன் நம்பரை மறக்காதே. மத்தியானத்துக்கு மேல் கூப்பிடு, காலையில் தூங்குவான்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

அப்பா எழுதுவது. இதை நான் படிக்கவில்லை. உன் அம்மா உள்ளே போயிருக்கிறாள், காகிதம் ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்கக் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன். பெட்டி தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்கு, இடுப்பை வளைத்துத் தூக்காதே. அட்டை விரலைக் கீறும், கையுறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள். முதல் நாள் பஸ்ஸுக்கு முன்னதாகவே போய் நில். இன்று காலையில் உன் அம்மாவுக்குத் தெரியாமல் சலூனுக்குப் போனேன். புதிதாக வந்த ஒருவர் பொண்ணு என்ன செய்யறா என்று கேட்டார். குடோனில் பெட்டி கட்டுகிறாள் என்று சொன்னேன். நீ இன்னும் சேரவில்லை என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. போய்ச் சேர்ந்துவிடு அம்மா, இல்லாவிட்டால் இதுவும் பொய்யாகிவிடும்.